பழம்படைக்கலம் பேணல்

ஓய்வுநேரத்தில் நாணயம் திரட்டுவார் சிலர். அஞ்சல்தலை சேர்ப்பார் சிலர். பழைய போர்த்துப்பாக்கிகளைச் செப்பஞ்செய்து பேணுவாரும் மேலைநாடுகளில் பலர் உளர். அத்தொழிலின் இயல்பை மார்ட்டினி-ஹென்றி என்னும் துப்பாக்கியைக் கொண்டு அறிவோம்.

இத்துப்பாக்கியை ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டில் தம் படைக்கென ஏற்றனர். மார்ட்டினி என்பார் வகுத்த பொறியும், எடின்பரோ நகரத்து ஹென்றி என்பார் வகுத்த குழலும் இணைந்தமையின் இருவர் பெயரையும் இது பெற்றது. விசையின் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அறை திறக்கும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே இடலாம். பல தோட்டாக்களை ஒருங்கே கொள்ளும் லீ-மெட்போர்டு துப்பாக்கி 1888இல் வந்தபின், இது மெல்ல வழக்கொழிந்தது.

நேபாள நாட்டுப் படையிலும் இவ்வினத் துப்பாக்கிகள் இருந்தன. காத்மாண்டு நகரின் பழைய அரண்மனை ஒன்றில் குவிந்துகிடந்த படைக்கலங்களை 2003ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் விலைக்கு வாங்கிச் சென்றனர். இறுகிய கொழுப்பும் புழுதியும் படிந்திருந்த அவற்றை ஆர்வலர் பலர் பெற்றுச் செப்பஞ்செய்து வருகின்றனர்.

அவர்கள் செய்யும் முறை யாதெனில், முதற்கண் அறையில் தோட்டா எஞ்சியுள்ளதா என ஆராய்வர். பின்னர் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் அழுக்கை இளக்கித் துடைப்பர். துருவேறிய இரும்புறுப்புகளைத் தூயநீரில் இட்டுக் கொதிக்கவைப்பர். செந்துரு, இரும்பை அரித்துக்கொண்டே செல்வது. கொதிநீரில் அது கருநிறப் படலமாக மாறி, அரிப்பைத் தணிக்கும். உதிரும் கரும்பொடியை மட்டும் தேய்த்தகற்றி எண்ணெய் பூசுவர். மரக்கட்டையில் அமுங்கிய இடத்தின்மேல் ஈரத்துணியை விரித்துச் சூடான இரும்பால் அழுத்துவர். நீராவி உட்புக, அமுங்கிய நார்கள் எழும்பும். இறுதியில் ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்ப்பர். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் தகாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். ஆதலின் விரித்து உலர்த்துவர்.

இவ்வளவும் செய்வோர், மரத்தை இழைத்து மென்மையாக்குவதையும், இரும்பை மின்னத் தீட்டுவதையும் அஞ்சித் தவிர்ப்பர். ஏன்? பொறியின் பக்கத்தில் விக்டோரியா அரசியின் முடிக்குறியும், செய்த இடமும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். நேபாளம் சென்றவை பலவற்றில் தேவநாகரி எழுத்தும் எண்ணும் காணப்படும். எங்கே பிறந்தது, யார் படையில் இருந்தது என்பதற்கு அக்குறிகளே சான்று. மிகையாகத் தேய்த்தால் துப்பாக்கி புதியதுபோல் பொலியும், சான்றோ அழிந்தொழியும். அழிந்ததை மீளப் பொறித்தாலும் அது பொய்ச்சான்றே ஆகும்.

ஆகவே, பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைப் புதியதாக்குதல் அன்று. மேலும் அழியாவண்ணம் காத்தலே ஆகும். எதனை நீக்குவது என்று அறிதல் எளிது. எதனைத் தீண்டாது விடுவது என்று அறிதலே அரிது.