சபையின் நேரமும் ஆளுங்கட்சியின் பொறுப்பும்

வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை ஏற்பட்டால் அரசு கடன் வாங்கிச் சரிக்கட்டலாம். பாராளுமன்றத்தின் நேரத்தில் பற்றாக்குறை ஏற்பட்டால் கடன் வாங்குவதற்கு இடமில்லை. 1956-ஆம் ஆண்டில் லோக் சபை 151 நாட்கள் கூடியது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு அறுபது, எழுபது நாட்கள் கூடுவதே வழக்கமாகிவிட்டது. பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டிலோ 33 நாட்கள் மட்டுமே கூடியது. இரு கூட்டத் தொடர்களுக்கிடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது என்பதே அரசியல் சட்டத்தின் 85-ஆவது விதி இடும் கட்டளை. எத்தனை நாட்கள் கூட வேண்டும், அந்நாட்களில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பவற்றை அது கூறவில்லை. அந்த முடிவு நடைமுறையில் பெரும்பாலும் ஆளுங்கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது.

சபையில் அமைதி குலையும்போது அனைவருடைய கண்களும் சபாநாயகரையே நோக்குகின்றன. ஆனால் ஒழுங்கு நிலவுமா, குலையுமா என்பது பெரும்பாலும் சபை கூடுவதற்கு முன்பே, நேரம் பங்கிடப்படும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. இதனை விளங்கிக்கொள்ள அந்தப் பங்கீடு நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பட்டியல் உருவாகும் விதம்

பாராளுமன்ற விவகாரங்களுக்கெனத் தனித் துறை 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்படுத்தப்பட்டது. காங்கிரஸ் கட்சியின் தலைமைக் கொறடாவாக விளங்கிய சத்ய நாராயண் சின்ஹா அதன் பொறுப்பை ஏற்றார். கொறடா பதவியும் இந்தத் துறையின் பொறுப்பும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது தற்செயலானதன்று. இன்றும் லோக் சபையில் அரசுத் தரப்பின் தலைமைக் கொறடாவாக இருப்பவர் பாராளுமன்ற விவகார அமைச்சரே. கட்சியின் விருப்பம் அரசின் அலுவல் பட்டியலாக மாறும் இடம் அதுவே.

ஒவ்வொரு கூட்டத் தொடருக்கு முன்பும் எல்லா அமைச்சகங்களும் தத்தம் மசோதாக்களை இத்துறைக்குத் தெரிவிக்கின்றன. இப்பட்டியல் எப்போதும் கிடைக்கக்கூடிய நேரத்தைவிட நீளமாகவே இருக்கும். தத்தம் மசோதா அவசரமானது என்று கருதாத அமைச்சகம் எதுவும் இல்லை. பாராளுமன்ற விவகாரங்களுக்கான மந்திரி சபைக் குழு இவற்றைப் பரிசீலித்து முன்னுரிமை அளிக்கிறது. தேர்தல் அறிக்கையில் மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் எது முதலில் சட்டமாகும், எது அடுத்த தொடருக்குத் தள்ளிப் போகும் என்பது இங்கேதான் தெளிவாகிறது.

அதன் பின்னர் இப்பட்டியல் அலுவல் ஆலோசனைக் குழுவின் முன் வருகிறது. லோக் சபையில் இக்குழு முதன்முதலாக 1952-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அமைக்கப்பட்டது. சபாநாயகரே தலைவர்; அவர் உள்ளிட்டு உறுப்பினர்கள் பதினைவர். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்பதை இக்குழு பரிந்துரைக்கிறது. இங்கே வாக்கெடுப்பு நடத்தி முடிவு காண்பது மரபன்று, கருத்தொருமிப்பே மரபு. பெரும்பான்மை பலம் செல்லுபடியாகும் சபைக்கு, பெரும்பான்மை பலத்தை ஒதுக்கிவைத்த ஒரு சிறு குழு நேரத்தை வகுத்துத் தருகிறது என்பது சிந்திக்கத்தக்கது. இக்குழுவில் எதிர்க்கட்சிக்குக் கிடைக்காத அரைமணி நேரம், பின்னர் சபையின் நடுவே கூச்சலாக வெளிப்படுவதுண்டு.

தலைமை தன் பக்கத்தை நோக்கியபோது

சபையின் ஒழுங்கைக் காப்பது என்றால் எதிர்த்தரப்பை அடக்குவது என்றே பலர் பொருள் கொள்கின்றனர். தொடக்க ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் வேறொரு பொருளையும் காட்டுகின்றன.

1951-ஆம் ஆண்டில், தற்காலிகப் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்த எச். ஜி. முட்கல், பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்துக்குச் சாதகமாகச் சபையில் செயல்படப் பணம் பெற்றார் என்ற புகார் எழுந்தது. ஜூன் 8-ஆம் நாள், இதனை விசாரிக்கக் குழு அமைக்கும் பிரேரணையைப் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேருவே கொண்டுவந்தார். டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைந்த குழுவில் ஜி. துர்காபாய், கே. டி. ஷா முதலியோர் இடம் பெற்றனர். உறுப்பினரின் நடத்தை சபையின் கண்ணியத்துக்கு மாறானது என்று குழு கண்டது. செப்டம்பர் மாதத்தில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே முட்கல் ராஜினாமாச் செய்தார். பிரச்சினை அத்துடன் முடிந்தது என்று சபை விட்டுவிடவில்லை. அவர் வெளியேற்றப்படுவதற்கே உரியவர் என்றும், ராஜினாமாக் கடிதத்தின் வாசகம் சபையை அவமதிப்பதாக உள்ளது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் வேறொரு சோதனை வந்தது. சபாநாயகர் ஜி. வி. மவ்லங்கரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்தை எதிர்க்கட்சியினர் கொண்டுவந்தனர். துணைச் சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் தலைமை வகித்தார். ஆளுங்கட்சிக்கு மிகப் பெரும் பலம் இருந்தது. சில நிமிடங்களில் தீர்மானத்தைத் தோற்கடித்திருக்க முடியும். நேருவோ விவாத நேரத்தின் பெரும் பகுதியை எதிர்க்கட்சியினருக்கே அளிக்குமாறு கேட்டுக்கொண்டார். தம் கட்சியினர் இதனைக் கட்சிப் பிரச்சினையாகக் கருத வேண்டாம் என்றும், கொறடாவின் உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தாது என்றும் சபையிலேயே தெரிவித்தார். பின்னர் அத்தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசவும் தயங்கவில்லை. தீர்மானம் தோற்றது. தோற்ற தரப்பு, தனக்குப் பேச வாய்ப்பே தரப்படவில்லை என்று கூற இடம் இருக்கவில்லை.

1957-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷன் முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளை வாங்கியதைச் சபையில் அம்பலப்படுத்திய பிரோஸ் காந்தியும் ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவரே. நீதிபதி சாக்ளா கமிஷன் விசாரணைக்குப் பின், 1958-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிதி மந்திரி பதவி விலகினார். அவர் வேறு யாருமல்லர். 1951-இல் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டி. டி. கிருஷ்ணமாச்சாரியே.

அக்காலம் பொற்காலம் என்று கூறிவிட இயலாது. எதிர்க்கட்சிகள் சிறியனவாக இருந்தன. தாராளமாக நடந்துகொள்வதால் அரசுக்கு ஆபத்து ஏதுமில்லை. 1963-இல் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் கிடைத்தன என்பதே இதற்குச் சான்று.

இருவகை அமைதி

1975-ஆம் ஆண்டு ஜூலையில், நெருக்கடி நிலையின்போது பாராளுமன்றம் கூடியது. கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. தனி உறுப்பினர் அலுவலும் நிறுத்தப்பட்டது. அரசு அலுவல் மட்டுமே நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். அலுவல்கள் தடையின்றி நிறைவேறின. கூச்சலின்மையை மட்டுமே ஒழுங்கின் அளவுகோலாகக் கொண்டால், அந்தத் தொடருக்கு உயர்ந்த மதிப்பெண் அளிக்க நேரும்.

1985-ஆம் ஆண்டின் 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வேறுவகையில் நிலைமையை மாற்றியது. பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். முன் அனுமதி பெற்றிருந்தாலோ, பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தாலோ மட்டுமே விலக்கு உண்டு. கட்சித் தாவலைத் தடுக்க வந்த இச்சட்டம் தலைமையின் பிடியையும் இறுக்கியது. அரசின் நிலைபேற்றைப் பாதிக்கும் வாக்கெடுப்புகளுக்கும், கட்சியின் முக்கியக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் மட்டுமே இவ்வகைக் கட்டளை பொருந்துவது முறை என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் கருதியது. நடைமுறையில் கொறடாவின் உத்தரவு சாதாரண மசோதாக்களுக்கும் பிறப்பிக்கப்படுகிறது. 1954-இல் நேரு தம் கட்சியினருக்கு அளித்த சுதந்திரத்தை இன்றும் ஒரு தலைமை அளிக்கலாம்; சட்டம் அதனைத் தடுக்கவில்லை.

விலை கொடுப்பது யார்?

2010-ஆம் ஆண்டின் குளிர்காலத் தொடரில், அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்துக் கூட்டுப் பாராளுமன்றக் குழு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோரின, அரசு மறுத்தது. தொடர் முழுவதும் ஏறத்தாழ வீணாயிற்று. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே கோரிக்கையை அரசு ஏற்றுக்கொண்டது. இரு தரப்பிலும் பிடிவாதம் இருந்தது என்பது உண்மை. ஆயினும் அலுவலை நிறைவேற்ற வேண்டிய தேவை எதிர்க்கட்சியைவிட அரசுக்கே அதிகம். ஆகையால் விட்டுக்கொடுக்கும் பொறுப்பும் அதன் பக்கம் சற்று அதிகமாகச் சாய்கிறது.

மற்றொரு வழி, விதிகளின்படி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்வது. 1989-ஆம் ஆண்டு மார்ச்சில், தக்கர் கமிஷன் அறிக்கை தொடர்பான அமளியில் லோக் சபை உறுப்பினர்கள் 63 பேர் ஒரே நாளில் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் பாதுகாப்பு மீறல் குறித்து விளக்கம் கோரி எழுந்த அமளியை அடுத்து இரு சபைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். குற்றவியல் சட்டங்களை அடியோடு மாற்றும் மூன்று மசோதாக்கள் அதே தொடரில் நிறைவேறின. அவற்றின் மீது பேசியிருக்கக்கூடிய பலர் அப்போது சபைக்கு வெளியே இருந்தனர்.

இழப்பு மிகுதியாகத் தெரிவது மான்யக் கோரிக்கைகளில்தான். 113-ஆவது விதியின்படி ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவுக்கும் லோக் சபையின் இசைவு தேவை. நேரமின்மையால் ஆண்டுதோறும் ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கைகளே விவாதத்துக்கு வருகின்றன. எஞ்சியவை ஒதுக்கப்பட்ட கடைசி நாளில், குறித்த நேரத்தில், ஒன்றாகச் சேர்த்து வாக்குக்கு விடப்படுகின்றன. இதற்கே ‘கில்லட்டின்’ என்று பெயர். 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அமளியின் நடுவே எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு, விளைவு ஒன்றே. 1993-இல் தோற்றுவிக்கப்பட்டு, 2004-இல் எண்ணிக்கை 24 ஆக உயர்த்தப்பட்ட துறைசார் நிலைக்குழுக்கள் இக்கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை அளிக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல். அவ்வறிக்கைகள் ஆலோசனை என்ற அளவிலேயே நிற்பவை.

விவாதத்துக்கு வரும் கோரிக்கையின் மீது உறுப்பினர்கள் வெட்டுப் பிரேரணைகள் கொண்டுவரலாம். ஓர் அமைச்சகத்தின் கொள்கையையே ஏற்க மறுப்பவர், தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோருவார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்ட விரும்புபவர் நூறு ரூபாயைக் குறைக்கக் கோருவார். ஏதோ ஒரு மாவட்டத்தில் கட்டி முடியாத கால்வாயோ, மருத்துவர் இல்லாத சுகாதார நிலையமோ இந்த நூறு ரூபாயின் மூலமாகவே சபையின் கவனத்துக்கு வருகிறது. அதற்கு விடை தயாரிக்க அமைச்சகத்தில் கோப்புகள் தேடப்படுகின்றன. மாநிலங்களிடம் விவரம் கேட்கப்படுகிறது. விவாத நாளன்று அதிகாரிகள் குறிப்புகளுடன் தங்களுக்கான மாடத்தில் வந்து அமர்கின்றனர். கில்லட்டின் மணி அடித்துவிட்டால், பேசப்படாத அமைச்சகங்களின் நூறு ரூபாய்ப் பிரேரணைகள் எடுத்துக்கொள்ளப்படுவதே இல்லை. அந்தக் கோப்புகளும் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.