நாவில் கரையும் மருந்து

விழுங்கும் சக்தி குன்றிய விருத்தர்களுக்கும், குடித்த ஜலமும் தங்காமல் வாந்தியெடுக்கும் குழந்தைகளுக்கும், நாவில் வைத்தவுடன் கரைந்துவிடும் மாத்திரை இக்கால மருந்தியல் அளித்த பெரிய உபகாரமாகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய மாத்திரை ஏறக்குறைய 30 விநாடிக்குள் சிதைய வேண்டும் என்றும், அதன் எடை 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது.

இந்த வேகத்துக்குப் பெரும்பாலும் காரணம், மருந்தோடு சிறிதளவே சேர்க்கப்படும் சிதைப்பான் என்னும் துணைப் பதார்த்தம். உமிழ்நீரை உறிஞ்சித் தான் பருத்தோ, நுண்துளைகளின் வழியே நீரை உள்ளே இழுத்தோ, அது மாத்திரையைப் பிளந்துவிடுகிறது. பம்பாய் மாதுங்காவின் தமிழர் கடைகளில் நிறுத்துத் தரப்படும் வெந்தயத்தின் பசையும், குஜராத்தில் விளையும் இசப்கோலின் உமியும் சிதைப்பானாக உதவும் என்பதை இந்திய ஆய்வாளர் பலர் பரீட்சித்துக் கண்டிருக்கின்றனர்.

இதனால், இயற்கையெல்லாம் நன்மை, செயற்கையெல்லாம் தீமை என்று முடிவு கட்டுவது நியாயமன்று. செயற்கைச் சிதைப்பான் எனப்படுபவற்றுள் சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவிலிருந்தும், குரோஸ்கார்மெல்லோஸ் தாவர நாரிலிருந்தும் ரசாயன மாற்றத்தால் உண்டாகின்றன. முற்றிலும் ரசாயனசாலையில் பிறந்த குரோஸ்போவிடோனோ ஜலத்தில் கரையாது, குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுகிறது. விதைப் பசையோ மண்ணுக்கும் மழைக்கும் அறுவடைக்கும் தக்கபடி குணம் மாறுவதோடு, கிருமிகள் வளரவும் இடங்கொடுக்கும். அளவு மிகுந்தால் கூழாகி, நீர் உள்ளே புகும் வழியையே அடைத்துவிடும்.

நீரை விரும்பும் குணம் இயற்கை, செயற்கை இரண்டுக்கும் பொது. ஆதலால், தாராவியிலும் செம்பூரிலும் வீட்டுச் சுவர்களில் ஓதமேறும் மழைக்காலத்தில், உண்ணும் வேளை வரை மாத்திரையை உறையிலிருந்து பிரிக்காமல் வைத்து, உலர்ந்த கையாலேயே எடுத்தல் அவசியம். இனிப்புக்காக அஸ்பார்ட்டேம் சேர்ந்த மாத்திரைகள், பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்குத் தீங்கானவை என்பதால், அவர்களைப் பெற்றோர் உறையின்மேல் உள்ளதைப் படித்தே வாங்கவேண்டும்.

நோயாளிக்கு வேண்டுவது, ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஒரே தூய்மையோடும் ஒரே வேகத்தோடும் கரையும் மருந்து. நம் வயல்களில் மலிவாக விளையும் வித்துக்கள் அந்தப் பரீட்சையில் தேறுமாயின் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை; ஆனால் அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான மரியாதை, புகழுரைகளைக் குறைத்து, கண்டிப்பான தர நிர்ணயத்துக்கு அவற்றை உட்படுத்துவதேயாகும்.