பிறக்கும்போதே விழும் பாதி டிக்

மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்களிடம் ஐந்து கட்டங்கள் உண்டு: இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். மூன்றில் டிக் விழுந்தால் போதும், பட்டியலில் பெயர் ஏறிவிடும். மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்திலும் குவாத்தமாலா மலைகளிலும் வாழும் மாயா பெண்களில் கணிசமானோருக்கு எச்.டி.எல். கட்டத்தில் பிறக்கும்போதே பாதி டிக் விழுந்துவிடுகிறது.

காரணம் ஏ.பி.சி.ஏ.1 என்ற மரபணு. செல்லுக்குள் மிஞ்சும் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி எச்.டி.எல். துகளில் ஏற்றிவிடுவது இதன் வேலை. இதில் ஆர்230சி என்றொரு மாற்றம். அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடமும் அவர்கள் வழிவந்தவர்களிடமும் மட்டுமே தென்படுகிறது. இது இருந்தால் வெளியேறும் கொலஸ்ட்ரால் கால் பங்குக்கு மேல் குறைகிறது, எச்.டி.எல். அளவும் இறங்குகிறது. பஞ்ச காலத்தில் இப்படிக் கொலஸ்ட்ராலைப் பிடித்து வைத்துக்கொண்ட உடல்தான் பிழைத்திருக்கும் என்பது ஊகம். மக்காச்சோளத்தையே நம்பி வாழத் தொடங்கிய மத்திய அமெரிக்க விவசாயத்தோடு இந்த மாற்றத்தின் பரவலைப் பொருத்திக் காட்டியது 2012-இல் வந்த ஓர் ஆய்வு. அழகான ஊகம்தான், நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2012-இல் மெக்சிகோவில் இன்னொரு குழு, இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இளவயது இதய ரத்தக்குழாய் நோய் குறைவாக இருப்பதைக் கண்டது. எச்.டி.எல். குறைவு, ஆனால் இதயத்துக்கு ஆபத்து கூடவில்லை! அப்படியானால் அந்த டிக்கை எப்படிப் படிப்பது? நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. உடல் பருமனோடும் சர்க்கரை நோயோடும் இதே மாற்றத்துக்குத் தொடர்பு சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன.

எஸ்.எல்.சி.16ஏ11 மரபணுவின் கதை இன்னும் பழையது. சர்க்கரை நோய் ஆபத்தைக் கூட்டும் அதன் ஒரு வடிவம் நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு சொன்னது. பூர்வகுடி மாதிரிகளில் அதன் பரவல் சுமார் 50 சதவீதம், ஐரோப்பியர்களிடம் அரிது. ஐரோப்பியர்களை வைத்துக் கண்டறிந்த வலுவான சர்க்கரை நோய் மரபணுவான டி.சி.எஃப்.7.எல்.2-இன் ஆபத்தான வடிவமோ பூர்வகுடிகளிடம் குறைவு. ஐரோப்பாவுக்கென்று தயாரித்த மரபணுப் பரிசோதனையை மாயா பெண்ணிடம் நீட்டினால், தவறான தைரியம்தான் கிடைக்கும்.

இடுப்பளவிலும் இதே சிக்கல்தான். அமெரிக்கக் கணக்கில் பெண்ணுக்கு 88 செ.மீ. வரம்பு. மத்திய அமெரிக்கர்களுக்கெனத் தனித் தரவு வரும்வரை தெற்காசியப் பெண்களின் அளவான 80 செ.மீ.யையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, 2005-இல். அதாவது நம்மூர்ப் பெண்களுக்கு வைக்கிற டேப்தான் அங்கேயும்! ஆனால் குவாத்தமாலாப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 149 செ.மீ., உலகிலேயே குறைவு; அந்த டேப் அவர்களுக்குச் சரியாகப் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

இந்தக் குறைந்த உயரம் மரபணுவால் என்று நினைத்தால் தப்பு. குவாத்தமாலா உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி அமெரிக்கா போன மாயாக்களின் பிள்ளைகளை மானுடவியலாளர் பேரி போகின் அளந்தபோது, குவாத்தமாலாவில் வளர்ந்த பிள்ளைகளைவிட 10 செ.மீ.க்கும் மேல் வளர்ந்திருந்தார்கள். மரபணு மாற ஒரு தலைமுறை போதாது. தட்டில் இருப்பது மாறப் போதும். குவாத்தமாலாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இன்றும் வளர்ச்சி குன்றியவர்கள். வயிற்றில் இருக்கும்போதே பற்றாக்குறைக்குப் பழகிய பெண் குழந்தை, பெரியவளாகி இனிப்பும் எண்ணெயும் மலிந்த கடைத்தெருவுக்கு வருகிறாள். பருத்த தாயும் குன்றிய பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பது அங்கே சாதாரணம்.

1970-களில் கான்கூன் சுற்றுலா நகரம் எழுந்ததும் யுகத்தான் கிராமத்து ஆண்கள் கூலிக்குப் போனார்கள். சோளமும் அவரையும் பூசணியும் சேர்த்து விளைந்த மில்பா வயல்கள் சுருங்கின. வீட்டுக்குக் காசு வந்தது, கூடவே சோடா பாட்டிலும். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்து மாயா ஊரான சான் ஹுவான் சாமுலாவில் கோலா தேவாலயச் சடங்கில்கூட இடம்பிடித்துவிட்டது. மரபணுவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பாட்டில்காரர்களுக்கு வசதி.

மெக்சிகோ 2014-இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 1 பேசோ வரி போட்டது. 2020 முதல் சர்க்கரை மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையும் வந்திருக்கிறது. எழுத்து ஸ்பானிய மொழியில். யுகத்தான் கிராமங்களில் மாயா மொழி மட்டுமே பேசி, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்த மூத்த பெண்கள் அதை யாரையாவது விட்டுத்தான் படிக்கச் சொல்ல வேண்டும்.