குளக்கட்டில் நின்று நாட்டைக் கண்டவர்

ஒரு நாட்டுக்கு வந்து சேர்தல் வேறு. அந்நாட்டை அறிந்துகொள்ளுதல் வேறு. முன்னையது கப்பல் துறையை அடைந்த அன்றே முடிந்துவிடும். பின்னையதோ முப்பது ஆண்டுகள் தங்கியிருந்தவர்களுக்கும் கைகூடாமற் போவதுண்டு. இலங்கைக்கு வந்த ஐரோப்பியருள் இந்நாட்டைப் பற்றி எழுதியோர் பலர். அவருள் றொபேட் நொக்ஸ் என்பவர் பெயரை அறியாதார் சிலரே. 1660இல் கண்டியரசனிடம் சிறைப்பட்ட அவர், 1679இல் காட்டு வழியே தப்பிச் சென்று அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் வரலாற்று மாணவருக்குப் பயன்படுகின்றது. ஆயினும் நொக்ஸ் விரும்பித் தங்கியவரல்லர். அவருடைய கண் எப்போதும் வெளியேறும் வழியையே தேடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் வந்த மற்றோர் ஆங்கிலேயர், காட்டுக்குள் புகும் வழிகளைத் தேடினார். அவர் ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர். 1870களில் இலங்கைக்கு வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்நாட்டின் குளங்களை அளந்தும் ஆராய்ந்தும் திரிந்தவர். அவ்வாறு திரிந்த காலத்தில் அவர் கண்டறிந்தவை நீரோடு மட்டும் நின்றுவிடவில்லை.

பரந்தன் சந்தியில் நின்று பார்ப்பவர்களுக்கு இவருடைய வேலையின் தன்மை எளிதில் விளங்கும். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு வீதியும் பூநகரிக்கு ஒரு வீதியும் அங்கே பிரிகின்றன. வடக்கே சிறிது தூரத்தில் ஆனையிறவின் உப்பு நீர். ஆனால் சந்தியைச் சூழவோ கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். உப்புக்காற்று வீசும் இவ்வெளியை நெல் விளையும் நிலமாக்கியது தெற்கேயுள்ள இரணைமடுக் குளத்தின் நீர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட அக்குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் முற்பகுதியில் நிறைவெய்தியது. அதற்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த முதற் திட்டத்தோடு பார்க்கரின் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. 1930களிற் கிளிநொச்சிப் பகுதியில் ஏற்பட்ட குடியேற்றங்களும் இந்நீரை நம்பியே எழுந்தன.

ஒரு பொறியியலாளர் ஏன் கிராம மக்களின் வழக்கங்களையும் கதைகளையும் தேடிப் போகவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் குளத்தின் இயல்பிலேயே இருக்கின்றது. குளம் மண்ணாற் கட்டப்படுவது; ஆனால் மனிதரின் ஒழுங்கினாலேயே நிலைப்பது. மாரிக்கு முன் கட்டிலுள்ள பற்றைகளை வெட்டவேண்டும், வெடிப்புகளை அடைக்கவேண்டும், வாய்க்காலைத் துப்புரவு செய்யவேண்டும், யார் வயலுக்கு முதலில் நீர் பாய்வது என்பதிற் பிணக்கு நேராது பார்த்துக்கொள்ளவேண்டும். முன்னாளில் இவ்வேலைகள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையோடு பிணைந்திருந்தன. 1832இல் ஆங்கில அரசு அம்முறையை ஒழித்தது. மக்களுக்கு அது விடுதலையாயிற்று. ஆயினும் அதற்கு ஈடான வேறோர் ஒழுங்கு அமையாமையாற் பல குளங்கள் கவனிப்பாரற்றுப் போயின. பின்னர் 1856இல் நெற்செய்கைக்கான நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தபோது, கிராமத்தாரின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் மதிப்பளிக்கப்பட்டது. ஆகவே குளத்தைத் திருத்த வந்தவர் கிராமத்தையும் கற்கவேண்டியவரானார்.

பார்க்கர் முதலிற் கற்றது குளக்கட்டுகளையே. காடு மூடிக் கிடந்த பழைய கட்டுகளை ஆராய்ந்தபோது, கட்டின் உட்புறத்தே கல்லாலும் செங்கல்லாலும் சுவரமைத்த நாற்சதுரக் கிணறு போன்ற அமைப்புகளைக் கண்டார். சிங்களத்தில் இதனைப் பிசோகொட்டுவ என்பர். பெரிய குளத்தின் ஆழத்தில் நிற்கும் நீர் மிகுந்த அமுக்கமுடையது. அதனைக் கட்டின் ஊடாக நேரே ஓடவிட்டால், அதன் விசையை அடக்கி அளவோடு வெளியேற்றுவது கடினம். காலப்போக்கிற் கட்டே அரிக்கப்படும். நீரை முதலில் இக்கிணற்றினுள் விட்டு, அங்கே கதவினால் மட்டுப்படுத்திய பின் மதகு வழியே வயலுக்கு அனுப்பினால் அவ்வபாயம் குறையும். துருசு திறப்பவர் வேண்டிய அளவு நீரை வேண்டிய நேரத்தில் விடலாம். ஐரோப்பாவில் இத்தகைய அமைப்புப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் பரவலாயிற்று என்றும், இலங்கையின் பண்டைப் பொறியியலாளர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டுபிடித்துவிட்டனர் என்றும் பார்க்கர் எழுதினார். ஆளவந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்பட்டவரின் முன்னோரைத் தம் தொழிலின் முன்னோடிகளாக ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

கட்டின் காலத்தை அறிவதற்கும் அவர் ஒரு வழி கண்டார். எழுத்துப் பொறித்த கல் எல்லாக் குளத்திலும் கிடைப்பதில்லை. செங்கல்லோ பல இடங்களிற் கிடைக்கும். மிகப் பழைய செங்கற்கள் அளவிற் பெரியவை. காலம் செல்லச் செல்ல அவை சிறுத்து வந்தன. இடந்தோறும் செங்கற்களின் நீள அகலத்தையும் தடிப்பையும் அளந்து ஒப்புநோக்கி, கட்டடங்களின் காலத்தை அவர் மதிப்பிட முயன்றார். வன்னியிலுள்ள வவுனிக்குளத்தை நாட்டின் மிகப் பழைய பெருங்குளங்களுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தவரும் அவரே. பிற்காலத் தொல்லியல் அறிஞர் அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்கவேண்டியதில்லை. எனினும், வழியில் எவரும் காலால் உதைத்துத் தள்ளும் உடைந்த செங்கல்லையும் சான்றாகக் கொள்ளலாம் என்ற அவருடைய நோக்குப் போற்றத்தக்கது.

குளக்கட்டில் நின்றவருக்கு அடுத்ததாகத் தென்பட்டது குளத்தைக் காக்கும் தெய்வம். வன்னிக் கிராமங்களிற் குளக்கட்டின் ஓரத்தே, மரநிழலில், ஐயனாருக்கு ஒரு கல்லும் ஒரு விளக்கும் இருக்கக் காணலாம். தெற்கே அனுராதபுரப் பகுதியின் சிங்களக் கிராமத்தாரும் ஐயநாயக்க தெய்யோ என்ற பெயரில் அதே தெய்வத்தைக் குளத்தின் காவலராக வணங்குகின்றனர். காட்டு வழியே செல்பவர் ஒரு பச்சைக் கொத்தை முறித்து மரத்திலே தொங்கவிட்டு, வழித்துணை வேண்டிச் செல்லும் வழக்கமும் இரு பகுதிக்கும் பொதுவானது. இன்று பேருந்திற் செல்வோரும் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்கின்றனர். வழி மாறினாலும் வழித்துணை வேண்டும் மனம் மாறவில்லை. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவராய்த் தோன்றும் மக்கள், நீரையும் காட்டையும் பற்றிய அச்சத்திலும் நன்றியிலும் ஒன்றுபட்டிருந்தனர் என்பதை இத்தகைய வழிபாடுகள் காட்டுகின்றன. பார்க்கரும் இவற்றை மூடவழக்கமென ஒதுக்காமல், பழைய இலங்கையை அறிவதற்கான சான்றுகளாகவே கருதி ஆராய்ந்தார். 1909இல் இலண்டனில் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்ற பொருள்படும் அவருடைய ஆங்கில நூலில், குளங்களோடு வேடரும் தெய்வங்களும் கிராம விளையாட்டுகளும் இடம்பெறுவது அதனாலேயே.

அதனை அடுத்து 1910 முதல் 1914 வரையில் இலங்கைக் கிராமியக் கதைகளை மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்டார். பெரும்பாலும் சிங்களக் கிராமங்களிற் சேகரித்தவை அவை. உயர்குடியினர் கூறிய கதைகளோடு அமையாது, குயவர், சலவைத் தொழிலாளர், பறை முழக்குவோர், ரொடியர் முதலியோர் கூறியவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். கதைகளுக்கு இலக்கிய மெருகூட்டாது, சொல்லியவர் பேச்சை ஒட்டியே மொழிபெயர்க்க முயன்றார். தென்னிந்தியக் கதைகள் சிலவும் இறுதித் தொகுதியில் உள்ளன. பிறர் வீட்டுக் கதையைக் கேட்பவன் தன் வாயை அடக்கிக்கொள்ளவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வன்னித் தமிழரின் வாழ்வைக் குறித்துவைத்தவர் மற்றோர் ஆங்கிலேயர். குடியியற் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ், வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி 1895இல் ஒரு விரிவான கைநூலை வெளியிட்டார். வன்னியின் ஊர்ப்பெயர்களையும் தனியே ஆராய்ந்தார். மாங்குளம், கனகராயன்குளம், ஒலுமடு, பாலமோட்டை என்னும் பெயர்களைக் கேட்கும்போது நாம் அவற்றைப் பெயர்களாக மட்டும் கொள்கின்றோம். குளம், மடு, மோட்டை என்பனவோ நீர்நிலையின் வெவ்வேறு வகைகள். நீர் எங்கே, எவ்வாறு தங்கும் என்பதை முன்னோர் ஊரின் பெயரிலேயே எழுதிவைத்தனர்.

இவ்விருவரும் அரசின் ஊழியர் என்பதை மறத்தலாகாது. அளத்தலும் பதிதலும் ஆட்சிக்கும் வரிக்கும் பயன்பட்டன. அவர்களுக்கு வழிகாட்டிய விதானைமாரும், காடு தெரிந்த வேட்டைக்காரரும், கதை சொன்ன முதியோரும் இல்லாவிடில் அந்நூல்களும் இல்லை. ஆனால் நூலின் முகப்பில் நிற்பது ஒருவர் பெயரே.

இக்கருத்து நமக்கு ஒரு கடமையை உணர்த்துகின்றது. போர்க்காலத்தில், சிறப்பாக 2009 வரையிலான ஆண்டுகளில், வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வீடும் கிணறும் அழிந்தன; நிலத்தின் நினைவைத் தாங்கிய முதியோர் பலர் திரும்பி வரவில்லை. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2013இற் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. தண்டவாளத்தைப் புதிதாக இடலாம். துருசைப் புதிதாக அமைக்கலாம். எந்த மோட்டை எந்தக் குளத்துக்கு நீர் தந்தது, எந்தக் கட்டில் யாருக்குப் பொங்கல் வைத்தனர் என்பவற்றை அறிந்தவர் மறைந்தால், அவ்வறிவை எந்தத் தொழிற்சாலையிலும் செய்வித்தல் இயலாது.

கடல் கடந்து வந்தவர் ஒருவர் செங்கல்லை அளந்தும் கதையைக் கேட்டும் இந்நாட்டை அறிந்துகொண்டார். இங்கேயே பிறந்தவர்க்கு அது அரிதன்று. பரந்தனிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளத்தின் பெயரையும், அதன் கட்டு, துருசு, வான், வாய்க்கால் என்பவற்றின் பெயர்களையும், அவற்றோடு தொடர்புடைய ஒரு கதையையும் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பாராக. சொன்னவர் பெயரையும் அதன் கீழ் மறவாது எழுதுக.