கறுப்பினச் சமூக ஊழியர் சங்கம்

வைத்தியர், வழக்கறிஞர், ஆசிரியர் முதலாயினோர் தத்தம் தொழிலின் மேம்பாடு கருதிச் சங்கங் கூடுதல் யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு தொழிலார்க்கு முன்னரே ஒரு பெருஞ் சங்கம் இருக்க, அவருள் ஒரு சாரார் தமக்கெனப் பிறிதொன்று நிறுவுதல் எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968-ஆம் ஆண்டில் தோன்றிய கறுப்பினச் சமூக ஊழியர் தேசீயச் சங்கத்தின் வரலாறு அவ்வினாவிற்கு ஏற்ற விடை தருவதாகும்.

சமூக ஊழியம் என்பது வெறும் தருமம் அன்று. ஐயம் இடுவோன் இட்டுவிட்டுப் போகிறான். சம்பளம் பெறும் சமூக ஊழியனோ ஒரு குடும்பத்தின் வாசலில் நின்று, இவர்க்கு அரசாங்க உதவி தரலாமா, இக்குழந்தையைத் தாயிடம் விட்டுவைக்கலாமா, வேறோர் இல்லத்திற் சேர்க்க வேண்டுமா என்று குறிப்பெழுதுகிறான். அக்குறிப்பின்மேல் அக்குடும்பத்தின் வாழ்வு தொங்குகிறது. எழுதுவோன் ஓர் இனமும் எழுதப்படுவோர் மற்றோர் இனமுமாய், இரண்டிற்கும் இடையே அடிமைத்தனத்தின் நினைவும் நிற்குமாயின், கேடு எளிதில் விளையும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டா.

கறுப்பினத்தார் தம்மவர்க்குத் தாமே ஊழியம் புரிதல் 1968-இல் தொடங்கியதன்று. அட்லாண்டா நகரில் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் என்னும் அம்மையார் 1908-இல் அண்டைவீட்டார் ஐக்கியம் ஒன்றை நிறுவினார். அதன் பெண்மணிகள் நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, வீடுவீடாய்ச் சென்று நோயையும் வறுமையையும் விசாரித்தறிந்தனர். வெள்ளையர் கலாசாலைகள் பல கறுப்பு மாணவரை ஏற்க மறுத்தமையின், 1920-இல் அந்நகரிலேயே சமூக ஊழியப் பள்ளி ஒன்று தோன்றிற்று. 1922 முதல் 1927 வரை அதனை நடத்திய பிராங்க்ளின் பிரேசியர் என்னும் அறிஞர், இனவெறுப்பு மனநோய்க்கு ஒப்பானது என்று ஒரு கட்டுரை வரைந்தார். அது வெளிவந்ததும் வெள்ளையர் சினம் பொங்கிற்று. அவர் ஊரை விட்டே நீங்க நேர்ந்தது. நோயாளன் தன் நோயின் பெயரைக் கேட்க விரும்புவதில்லை போலும்!

1955-இல் ஏழு ஸ்தாபனங்கள் ஒன்றுகூடிச் சமூக ஊழியர் தேசீயச் சங்கம் உருவாயிற்று. கறுப்பினத்தாரும் அதில் அங்கத்தினராயினர். ஆயினும், பொதுச் சபைகளின் ஆளும் இடங்களில் அவர் குரல் மிகச் சிறிதே ஒலித்தது. 1968 ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோ நகரில் சமூக நலத் தேசீய மகாநாடு கூடிற்று. ஆண்டுதோறும் நிகழ்வது போல அங்குக் கட்டுரைகள் படித்தலும் விவாதித்தலும் நிகழ்தற்கிருந்தன. நாடே பற்றியெரியும் போது இதுவோ செயல் என்று கறுப்பின ஊழியர் கொதித்தனர். மகாநாட்டின் ஆளுஞ் சபையில் தம் இனத்தார்க்கு உரிய இடம் வேண்டும் என்றும், தம் மக்களைப் பற்றிப் பேசுவோரும் ஆராய்வோரும் அம்மக்களுள் வல்லுநராயிருத்தல் வேண்டும் என்றும், வெள்ளை ஊழியர் தம்மினத்தாரின் இனவெறியைத் தீர்த்தலில் ஈடுபடுதல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். பின்னர் அம்மகாநாட்டினின்றும் பிரிந்து தம் சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

எல்லாரும் அவ்வழியே சென்றாரல்லர். அட்லாண்டாப் பள்ளியின் தலைவராயிருந்து, பின் நகர்ப்புறச் சங்கம் எனப்படும் நாஷனல் அர்பன் லீகை நடத்திய விட்னி யங் என்பவர் பொதுச் சங்கத்தினுள்ளேயே நின்று, 1969-இல் அதன் தலைவர் பதவியை ஏற்றார். உள்நின்று திருத்துதலும் வெளிநின்று இடித்துரைத்தலும் ஒன்றற்கொன்று பகையென்பார் உளர். வெளியே குரல் எழாதிருப்பின் உள்ளே இருப்போர் சொல்லுக்கு அத்துணை எடை வாய்த்திராது என்பதே எம் கருத்து.

இனி, இச்சங்கத்திற் சேர்வது யாது பொருட்டு என்பதைக் காண்போம். சந்தா செலுத்திச் சீட்டுப் பெறுதல் எளிய பகுதி. நகரங்கள்தோறும் உள்ள கிளைச் சங்கங்களில் அங்கத்தினர் கூடுகின்றனர். மாணவர்க்கும் தனிக் கிளைகள் உண்டு. ஆண்டுதோறும் மகாநாடு நடைபெறுகிறது. அரிய பகுதி, சங்கத்தின் ஒழுக்க விதிகளை ஏற்றுக்கொள்ளுதலே. கறுப்பினத்து மனிதர், குடும்பம், சமுதாயம் என்னும் மூன்றின் நலமே தன் முதற்கடமை என்று அங்கத்தினன் ஏற்கிறான். தன் வேலைக்கு மட்டுமன்றித் தன்னை வேலைக்கமர்த்திய ஸ்தாபனம் செய்யும் வேலைக்கும் தானே பொறுப்பாளி என்கிறான். கூலி வேலைக்கு மேலாகத் தன் மக்களுக்குக் கூலியின்றியும் உழைக்க இசைகிறான். சம்பளம் தருவோரின் பிழைக்கும் நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு மறுநாட் காலையில் அதே அலுவலகத்திற்குட் புகுதல் எளிதன்று. தனியொருவனால் அது பெரும்பாலும் ஆகாது. அதற்கே கிளைச் சங்கம் வேண்டும். இளையோன் அங்கே தன் இக்கட்டைச் சொல்ல, மூத்தோர் வழி காட்டுவர்.

சங்கத்தைப் பலரும் அறியச் செய்தது 1972-ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை. கறுப்புக் குழந்தைகளை வெள்ளைக் குடும்பங்கள் தத்தெடுத்தலை அது வன்மையாக மறுத்தது. ஒரு கணக்கின்படி 1971-இல் அவ்வாறு தத்தான குழந்தைகள் 2,574; 1972-இல் 1,569. இல்லமின்றி வாடும் குழவிக்கு எந்நிறத்தார் வீடாயினும் ஆகாதோ என்று பலர் கடிந்தனர். அக்கேள்வியைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. எனினும், கடிந்தோர் பலர் கவனியாது விட்ட பகுதி ஒன்று உண்டு. வருமானம், வீட்டின் அறைகள், கட்டணம் முதலிய நிபந்தனைகளால் கறுப்புக் குடும்பங்களையே ஸ்தாபனங்கள் தள்ளிவிட்டுப் பின்னர், குழந்தைகளை ஏற்பாரில்லை என்று கூறின என்பதே அது. பாட்டியும் அத்தையும் சட்டப் பத்திரம் ஏதுமின்றிக் குழந்தைகளை வளர்த்தல் அம்மக்களிடைத் தொன்றுதொட்டு வந்த வழக்கம். 1994, 1996 ஆண்டுகளின் சட்டங்கள் இனத்தைக் காரணங்காட்டித் தத்தைத் தாமதித்தலையும் தடுத்தலையும் விலக்கின. அவற்றுள் முன்னது, குழந்தைகளின் இனத்தைச் சார்ந்த பெற்றோரையும் ஊக்கத்துடன் தேடுமாறு பணித்தது. சங்கமும் 1994-இல் மற்றோர் அறிக்கை வெளியிட்டுக் குடும்பங்களைச் சிதையாமற் காத்தலையே முதன்மையாக வற்புறுத்திற்று.

ஆதலின், இன்று ஒரு கிளையிற் சேரும் இளம் ஊழியன் பெருவிவாதங்களைக் காட்டிலும் சிறு காரியங்களிலேயே மிகுதியும் ஈடுபடக் காண்கிறோம். தாய் சிறைப்பட்ட குழந்தைக்கு உறவினர் யாவர் என்று விசாரித்தல், பேரப்பிள்ளையை வளர்க்கும் மூதாட்டிக்கு அரசாங்கப் படி கிடைக்குமாறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல், நியாயஸ்தலத்தில் அவள் பக்கம் அமர்ந்திருத்தல் என்பன அவை.