அளவுகருவி ரேடியோவுக்குள்ளேயே இருந்தது!



சேலத்திலிருந்து ஜோலார்ப்பேட்டை செல்லும் ரயில் பாதையில், தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது பொம்மிடி. அவ்வூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படித்த மாணவர் ஒருவர் ஒரு நாள் என்னிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தார்.

"ஐயா, எங்கள் தாத்தாவின் வால்வு ரேடியோ பத்து நிமிடம் நன்றாகப் பாடுகிறது. பிறகு குரல் கரகரக்கிறது. கடைசி வால்வின் உள்ளே இருக்கும் தகடு சிவக்கிறது. பயாஸ் மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கென்று விற்கும் கருவி சில ஆயிரம் ரூபாயாம். குறைந்த செலவில் அளக்க வழி உண்டா?"

வழி உண்டு. அதுவும் நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியிலேயே உண்டு!

வால்வும் மடையும்

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி நேர்மின்வாய்த் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இருமின்வாய் வால்வை 1904-இல் ஃபிளெமிங் உருவாக்கினார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே 'கிரிட்' என்னும் கம்பி வலையைச் சேர்த்தார். வால்வு பெருக்கியாக மாறியது இதனால்தான். நம் நாட்டில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

ஏரி மடையின் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் வாய்க்காலில் ஓடும் நீர் கூடும், குறையும். கிரிட்டும் அப்படித்தான். அதிலுள்ள எதிர் மின்னழுத்தம் கூடினால் எலெக்ட்ரான் ஓட்டம் குறையும். குறைந்தால் ஓட்டம் பெருகும்.

பாட்டு எதுவும் வராத நேரத்திலும் மடைப் பலகை ஓர் அளவில் திறந்திருக்க வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டமே சார்பு மின்னோட்டம். மெக்கானிக்குகளின் சொல்லில் 'பயாஸ்'. இது மிகவும் குறைந்தால் ஒலி சிதையும். மிகவும் கூடினால் தகடு பழுக்கக் காய்ந்து, வால்வின் ஆயுள் முடியும்.

விலை உயர்ந்த கருவிக்குள் என்ன?

மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டரைத் தொடர் இணைப்பில் சேர்க்க வேண்டும். அதற்குச் சுற்றை வெட்டியாக வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் வால்வுக்கும் அதன் சாக்கெட்டுக்கும் இடையே செருகும் கருவியை விற்கிறார்கள். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. இவற்றில் பலவற்றின் உயிர்நாடி, எதிர்மின்வாயின் பாதையில் வைத்த ஒரு ஓம் மின்தடைதான்!

ஒரு ஓம் தடையில் 1 மில்லிஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே 1 மில்லிவோல்ட் தோன்றும். 50 மில்லிஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட். கணக்கே வேண்டாம்! சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரில் 200 மில்லிவோல்ட் வீச்சு இருக்கிறது. சில நூறு ரூபாய் மீட்டரும் சில ரூபாய் தடையும் சேர்ந்தால் அம்மீட்டர் தயார்.

ஏற்கெனவே இருந்த தடை

மாணவரின் ரேடியோவில் இந்தச் செலவுகூடத் தேவைப்படவில்லை. அதிலிருந்தது இ.எல்.84 வால்வு. அதற்கான தகவல் ஏடு சொல்வது: நேர்மின்வாய்க்கு 250 வோல்ட், மின்னோட்டம் 48 மில்லிஆம்பியர், கிரிட்டுக்கு எதிர் 7.3 வோல்ட். இந்த 7.3 வோல்ட்டைத் தருவதற்காகவே எதிர்மின்வாயில் 135 ஓம் தடை ஒன்றை வைத்திருப்பார்கள். நேர்மின்வாயின் 48 மில்லிஆம்பியரும், திரைக் கிரிட்டின் 5.5 மில்லிஆம்பியரும் அதன் வழியே ஓடுகின்றன. 7.3-ஐ 135-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 54 மில்லிஆம்பியர்! பயாஸை உண்டாக்கும் தடையே பயாஸை அளக்கும் தடையும் ஆகிறது.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் முதலில் ரேடியோவை அணைத்துத் தடையின் மதிப்பைச் சோதித்தார். பழைய தடைகள் நாளாவட்டத்தில் மாறியிருக்கும் அல்லவா? இது சரியாகவே இருந்தது. பின்பு ரேடியோவை ஓடவிட்டு மின்னழுத்தத்தை அளந்தார். பத்தாவது நிமிடத்தில் மீட்டர் காட்டியது 10.8 வோல்ட், அதாவது 80 மில்லிஆம்பியர். தகட்டில் மட்டும் சுமார் 17 வாட் வெப்பம். அந்த வால்வு தாங்கக்கூடியதோ 12 வாட்!

குற்றவாளி வால்வு அல்ல. முந்தைய வால்விலிருந்து ஒலிக்குறியை மட்டும் அனுப்பிவிட்டு, அங்குள்ள நேர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய மின்தேக்கி சூடேறியதும் கசிந்தது. கசிந்த மின்னழுத்தம் கிரிட்டை அடைந்து, மடையை அகலத் திறந்துவிட்டது. சில ரூபாய் மின்தேக்கியை மாற்றியதும் மீட்டர் 7.3 வோல்ட்டுக்கு அருகே வந்து நின்றது. அளக்காமல் புது வால்வு வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் கெட்டிருக்கும்.

கவனம்!

இந்த அளவீட்டை நீங்கள் செய்யக் கூடாது. வால்வு ரேடியோவில் இருக்கும் 250 வோல்ட் உயிரைப் பறிக்கக் கூடியது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

நீங்கள் செய்து பார்க்க

அதே தத்துவத்தை டார்ச் மின்கலங்களைக் கொண்டு அச்சமின்றிச் சோதிக்கலாம். 1.5 வோல்ட் மின்கலங்கள் மூன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 330 ஓம் தடை ஒன்று, 10 ஓம் தடை ஒன்று ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். 10 ஓம் தடையின் வளையங்கள் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பொன்னிறம். எல்.இ.டி. எரியாவிட்டால் அதன் கால்களை மாற்றிப் பொருத்துங்கள்.

10 ஓம் தடையின் குறுக்கே மீட்டரை வையுங்கள். 75 மில்லிவோல்ட்டை ஒட்டி ஏதாவது ஓர் அளவு வரும். அதைப் பத்தால் வகுத்தால் மில்லிஆம்பியர் கிடைக்கும். பிறகு மீட்டரை மில்லிஆம்பியர் வீச்சுக்கு மாற்றி, தொடர் இணைப்பில் சேர்த்து அளந்து, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். சிறு வேறுபாடு வந்தால் திகைக்க வேண்டாம். பொன்னிற வளையத்தின் பொருள் என்ன? 5 விழுக்காடு வரை மதிப்பு மாறலாம் என்பதே. மீட்டருக்கும் ஒரு சொந்தத் தடை உண்டு.

ஒரு கேள்வியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். 10 ஓமுக்குப் பதில் 100 ஓம் வைத்தால் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும், படிப்பது எளிது. ஆனால் எல்.இ.டி.யின் ஒளிக்கு என்ன நேரும்? செய்து பாருங்கள். அளப்பவன் அளக்கும் பொருளைத் தொந்தரவு செய்யாமலிருக்க, தடை ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்பது அப்போது விளங்கும்.