சூறாவளி தரும் தவணை

வியாபாரத்தில் தவணை என்ற சொல்லின் அருமை நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மொத்த வியாபாரி மூன்று நாள் தவணை தந்தால், அந்த மூன்று நாளுக்குள் பணத்தைப் புரட்டுபவன்தான் கெட்டிக்காரன். மூன்றாம் நாள் மாலை வரை படுத்துக் கிடந்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவனுக்குச் சந்தையில் பெயர் நிற்காது.

இயற்கை அனர்த்தங்களிலும் தவணை தருவதும் உண்டு, தராததும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி எமக்கு ஒரு நிமிடத் தவணையும் தரவில்லை. சூறாவளி அப்படியல்ல. வங்காள விரிகுடாவில் தாழமுக்கமாகப் பிறந்து, வலுப்பெற்று, பெயர் வாங்கி, கரையை நோக்கி நடந்து வரும்வரை பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் கிடைக்கின்றன. அந்தத் தவணையை எங்கள் கிழக்குக் கரை வியாபாரிகள் எப்படிப் பயன்படுத்தினோம், எப்படி வீணாக்கினோம் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

1978 நவம்பர் 23

அது ஒரு வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது 11 வயது. காத்தான்குடியில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய சில்லறைக் கடை இருந்தது. மண்சுவர், கூரைக்குத் தகரம். வானொலியில் சூறாவளி வருகிறது என்று சொன்னார்கள். ஆனால் சூறாவளி என்றால் என்னவென்று எங்கள் தெருவில் அனுபவப்பட்டவர் எவரும் இல்லை. "வாடைக் காலத்தில் காற்று வீசாமல் வேறென்ன செய்யும்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் அலையின் போக்குச் சரியில்லை என்று தோணிகளை மேட்டுக்கு இழுத்து வைத்தார்கள்.

மஃரிப் தாண்டியதும் காற்று வடக்கிலிருந்து இரையத் தொடங்கியது. தகரங்கள் கடதாசிபோல் பறந்தன. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிப்போனது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் வெளியே வந்தார்கள். வாப்பாவும் கடையைப் பார்க்கவென்று புறப்பட்டார். உம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து, முன்னையதைவிட மூர்க்கமாக வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற தென்னைகளை மறுபக்கம் முறித்துப் போட்டது. அந்த அமைதிதான் சூறாவளியின் கண் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்து அறிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் சென்றன. அன்று உம்மா கையை விட்டிருந்தால் அந்தப் பாடத்தை நான் எத்தீமாக இருந்துதான் படித்திருப்பேன்.

அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 28,000 ஏக்கர், அழிந்தது. கடைகளுக்கு நேர்ந்ததை யாரும் தனியாகக் கணக்கெடுத்து நான் கண்டதில்லை. எங்கள் கடையின் கணக்கு எனக்குத் தெரியும். அரிசி, சீனி, மா எல்லாம் கூழ். அவற்றோடு வாப்பாவின் கடன் கொப்பியும் போய்விட்டது. ஊர் முழுக்க இருந்த கடன் எல்லாம் அந்த ஒரு கொப்பியில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து ஒவ்வொருவராக வந்து, "எனக்கு உங்களிடம் இவ்வளவு கடன் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். புதிய கொப்பியில் எழுதியவர் வாப்பா, கணக்குச் சொன்னவர்கள் கடன்காரர்கள். எல்லோரும் வரவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "அன்றைக்குப் பொழுது பட்ட பிறகும் மண்ணெண்ணெயைப் பழைய விலைக்குத்தானே அளந்து தந்தாய் தம்பி!"

வரைபடத்தை வாசிக்கும் விதம்

திருமணத்தின் பின் நான் கிண்ணியாவுக்கு வந்து, அங்கேயே கடை போட்டுக்கொண்டேன். 2020 நவம்பர் 30ஆம் திகதி திங்கட்கிழமை, தாழமுக்கம் ஒன்று கிழக்குக் கரையை நோக்கி வருவதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தது. மறுநாள் அதற்குப் புரெவி என்று பெயர் வந்தது. மாலைதீவு கொடுத்த பெயர் அது.

கொரோனாவால் வியாபாரம் ஏற்கெனவே படுத்துக் கிடந்த நேரம். வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. ஒருவர் திருகோணமலை என்றார், ஒருவர் முல்லைத்தீவு என்றார், இன்னொருவர் 78ஐவிடப் பெரியது என்றார். நான் மகனின் பாடசாலைத் தேசப்படத்தை எடுத்து மேசையில் விரித்தேன். ஒவ்வொரு அறிவித்தலிலும் சூறாவளி நிற்கும் இடத்தை அகலக்கோடு, நெடுங்கோட்டில் சொல்வார்கள். அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ஓர் அகலக்கோட்டுப் பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிற சூறாவளி ஒரு நாளில் 360 கிலோமீற்றர் வந்துவிடும். நாம் தினமும் போடுகிற கூட்டல் பெருக்கல்தான். இதைச் செய்யத் தெரிந்தவனுக்கு வதந்தி தேவையில்லை.

மூன்று விடயங்களை வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, படத்தில் முன்னோக்கி விரிந்து செல்லும் கூம்பு வடிவம் சூறாவளியின் பருமனைக் காட்டுவதல்ல. அதன் மையம் எந்த எல்லைக்குள் போகக்கூடும் என்பதைக் காட்டுவது. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் வரும். நடுக்கோட்டில் நம் ஊர் இல்லை என்று ஆறுதல் அடைவது பிழை.

இரண்டு, நம் பக்கத்தில் சூறாவளிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வந்து கிழக்குக் கரையில் ஏறும்போது, மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். கடல் நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே உள்ள ஊர்களில் தரையிலிருந்து கடலுக்கு வீசும். புரெவி டிசம்பர் 2ஆம் திகதி புதன்கிழமை இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. கிண்ணியா அதற்குத் தெற்கே. கடல் எங்கள் கடைகளுக்குள் வராமல் போனதற்கு இது ஒரு காரணம். மையம் ஒரு பாகை தெற்கே இறங்கியிருந்தால் நாங்கள் வடக்குப் பக்கத்தில் நின்றிருப்போம்.

மூன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரையும் கூரையையும் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. 1978இல் காற்று மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரை எட்டியது. புரெவி கரையேறும்போது 80, 90 அளவில்தான் இருந்தது. 78இல் போன கூரை 2020இல் நின்றதற்குக் காரணம் கூரை திறமானது என்பதல்ல.

மூன்று நாள், மூன்று வேலை

முதல் நாள் செய்யவேண்டியது தொலைபேசி வேலை. வழியில் வரவிருக்கும் சரக்கை நிறுத்த வேண்டும். நான் புறக்கோட்டைக்கு எடுத்து, ஏற்றுவதற்கு இருந்த லொறியை ஒரு கிழமை தாமதிக்கச் சொன்னேன். கடன் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கொழும்பில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். வாப்பாவுக்குக் கிடைக்காத வசதி அது. கடையில் இருக்கும் சரக்கையும் திகதி தெரியும்படி படம் எடுத்து வைத்தேன்.

இரண்டாம் நாள் தூக்கும் வேலை. சீனி, மா, சீமெந்து மூன்றும் நனைந்தால் மீளாது. அவை முதலில் மேலே போக வேண்டும். பிறகு அரிசி, பருப்பு. தகரத்தில் அடைத்த மீனும் போத்தல் எண்ணெயும் கீழே கிடக்கலாம். மூட்டைகளைப் பலகையில் ஏற்றி, முன் கதவிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி அடுக்கி, பொலித்தீனால் மூடிக் கட்டினோம். பெயர்ப் பலகையைக் கழற்றினோம். காற்றில் பறக்கும் பெயர்ப் பலகை அடுத்தவரின் கழுத்துக்குக் கத்தி.

மூன்றாம் நாள் பகலோடு கடை பூட்டப்பட வேண்டும். மின்சாரத்தைப் பிரதான ஆளியில் துண்டித்து, வேலையாட்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கரையோரத்து மக்கள் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நகர்ந்தார்கள். அன்று கிழக்கு மாகாணத்தில் 75,000க்கும் அதிகமானோர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். சரக்கைக் காக்கவென்று கடைக்குள் படுத்துக்கொள்வது வீரமல்ல. மூட்டையை மறுபடியும் வாங்கலாம்.

மெழுகுதிரி

இதுவரை எழுதியதில் என்னைக் கெட்டிக்காரனாகக் காட்டிவிட்டேன். மிச்சத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடையில் நிற்க இடமில்லை. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, மின்கலம், பிஸ்கட். வேலைப் பொடியன் காதருகில் வந்து, "முதலாளி, அங்கால் கடையில மெழுகுதிரி 40 ரூபாவாம், நாம இன்னும் 20க்கே கொடுக்கிறோம்" என்றான். சரக்கு வருவது நின்றுவிட்டது, இனி எப்போது வருமோ தெரியாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். "சரி, 40 போடு" என்றேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு பெண்பிள்ளை இரண்டு மெழுகுதிரி கேட்டாள். விலையைச் சொன்னதும் கையில் இருந்த காசை எண்ணிப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். எனக்கு வாப்பாவின் மண்ணெண்ணெயும் புதிய கொப்பியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

விலையைப் பழையபடி மாற்றினேன். கூடுதலாக வாங்கியவர்களில் தெரிந்தவர்களுக்கு அடுத்த கிழமை திருப்பிக் கொடுத்தேன். தெரியாதவர்களின் பணத்தைக் கணக்குப் பார்த்து அவர்கள் பெயரில் சதக்கா செய்தேன். ஆனால் அந்தப் பெண்பிள்ளையை நான் பிறகு காணவில்லை. அன்றிரவு அவள் வீட்டில் எத்தனை மணிக்கு இருட்டியதோ, அது என் கொப்பியில் இன்னும் தீராத கடன்.

மக்களின் அவசரத்தைப் பார்த்துப் பொருளைப் பதுக்குவதையும் விலையை ஏற்றுவதையும் மார்க்கம் தடுத்திருப்பது நாம் அறியாததல்ல. வெள்ளிக்கிழமை குத்பாவில் அதைக் கேட்பது எளிது. செவ்வாய்க்கிழமை பின்னேரம், கடை நிறைய ஆள் நிற்கும்போது ஞாபகத்தில் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

வீண் செலவா?

புரெவி கிண்ணியாவில் கடும் மழையோடு போய்விட்டது. மறுநாள் தேநீர்க் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஹாஜியார் மூட்டை தூக்கினது மிச்சம்" என்றார் ஒருவர். கூலி, பலகை, பொலித்தீன் என்று எனக்கு 18,000 ரூபா போனது உண்மை. ஆனால் கடையில் அன்று இருந்த சரக்கின் பெறுமதி 22 இலட்சம். நூற்றுக்கு ஒரு ரூபாவும் இல்லை. இதைவிட மலிவான காப்புறுதி எங்கே கிடைக்கும்?

காப்புறுதி என்றதும் இன்னொன்று. 2011 ஜனவரி வெள்ளத்தில் என் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகள் நனைந்தபோது, கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன் என்று தைரியமாகத்தான் போனேன். என் பத்திரம் தீ விபத்துக்கு மட்டும் உரியது என்று காட்டினார்கள். வெள்ளம், புயல், சூறாவளி ஆகியவற்றை மேலதிகமாகக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். அவர்கள் மீது குறையில்லை, வாசிக்காமல் கையொப்பமிட்டது நான். தகாபுல் ஆனாலும் வேறெந்தக் காப்புறுதி ஆனாலும் பத்திரத்தை எடுத்து அந்த மூன்று சொற்களும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கடலில் சூறாவளி நிற்கும்போது கேட்டால் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

தவணை எப்போதும் மூன்று நாள் அல்ல

2025 நவம்பரில் வந்த டித்வா எமக்கு வேறொரு பாடம் தந்தது. அது எமது கரைக்கு மிக அருகிலேயே உருவாகி, பெயர் சூட்டப்பட்ட மறுநாளே நாட்டுக்குள் இருந்தது. காற்றைவிட மழைதான் அதிகம் கொன்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கம்பளையில் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சூறாவளி என்பது கரையோரத்தாரின் கவலை என்று இருந்த மலைநாட்டு வியாபாரிகளுக்கும் இப்போது அது சொந்தக் கவலை.

ஆகவே தூக்கும் பலகையும் பொலித்தீனும் ஒக்டோபர் மாதமே கடையில் இருக்க வேண்டும். கொப்பியைப் படம் பிடிப்பது மாதம் ஒருமுறை நடக்கவேண்டிய வேலை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மெழுகுதிரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் விலை ஏறாது என்று பஸார் வியாபாரிகள் பள்ளிவாசலில் கூடி முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்தால், என்னைப் போன்ற பலவீனர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். நாம் மூட்டையைத் தூக்கிவைத்து, விலையை இறக்கி வைத்துவிட்டு, அதன்பின் அல்லாஹ்விடம் கையேந்துவோம். அவனே போதுமானவன்.